உண்மையாக எழுதிய ஒரே டைரி

ஹால் டிக்கெட் இல்லை என்று தேர்வுப் பிரிவு ஜன்னலிலிருந்து தன் மாணவி ரூபினியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ஜூலியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த டஸ்டரை மேஜையில் வீசினாள். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு இரண்டு மாடி இறங்கினாள். அவளுடைய கோபம் அந்தப் பல்கலைக்கழகம் முழுக்கப் பிரசித்தம். வராந்தாவில் நின்றிருந்த பிள்ளைகள் அவள் நடையைப் பார்த்தே ஒதுங்கி வழி விட்டார்கள்.

"யாரு நிறுத்தினது நாகேஷ்?"

நாகேஷ் தேர்வுப் பிரிவு கிளார்க். ஓசூரை அடுத்த அத்திபெலேக்காரன், கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுகிறவன். "நானேன் மாட்லி மேடம், நான் என்ன பண்ணுவேன்? என்கிட்ட கோச்சுக்காதீங்க. ரெஜிஸ்ட்ரார் சாரே சைன் போட்டிருக்காரு. அந்தப் பொண்ணோட கண்டொனேஷன் கேன்சல்."

எழுபத்தைந்து சதவீதம் வருகை இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். குறைந்தால், உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்றிதழ் கொடுத்து மன்னிப்பு வாங்க வேண்டும். அந்த மன்னிப்புக்குப் பெயர்தான் கண்டொனேஷன். ரூபினிக்கு அறுபத்து மூன்று. போன மாதமே சான்றிதழ் கொடுத்து, கண்டொனேஷனும் கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை பி.காம் கடைசி செமஸ்டர் பரீட்சை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை உறுதி செய்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும், இந்த செமஸ்டர் பாஸ் ஆகியிருக்க வேண்டும். பரீட்சை போனால் வேலை போச்சு. வேலை போனால் அந்த வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை.

நாகேஷ் ஜன்னலுக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினான். "உங்க கிளாஸ் அபினவ் இருக்கானே மேடம், நாப்பத்தொண்ணு பர்சென்ட். போன வாரமே ஹால் டிக்கெட் வாங்கிட்டுப் போயிட்டான். ஒரு போன் வந்துச்சு, வி.சி. சார் ஸ்பெஷல் பவர்ல போட்டுக் குடுத்துட்டாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அறுநூற்று இருபது மாணவர்கள் மட்டுமே உள்ள சின்ன தனியார் பல்கலைக்கழகம் அது. பெரிய இடங்களில் பிள்ளைகள் வெறும் எண்கள், எங்களிடம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்போம் என்று வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஜூலியா பதினோரு வருடமாக விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி, சில்க் போர்டு நெரிசலில் முழங்கால் நோக நின்று, அங்கே வந்து காமர்ஸ் நடத்துகிறாள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அந்த வாசகத்துக்காகத்தான் வந்தாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் நிஜம் அதுதான். பெரிய கல்லூரியில் தொண்ணூறு பேரை ஒரே அறையில் அடைத்து வைத்து மைக்கில் கத்திய காலத்தை அவள் மறக்கவில்லை. இங்கே பிள்ளைகளை முகம் பார்த்துப் பேச முடிந்தது. எவன் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று வாசற்படியிலேயே தெரிந்தது.

ரெஜிஸ்ட்ரார் அறைக்கதவைத் தட்டாமலே திறந்தாள். நாராயணசாமி ஓய்வு பெற்ற அரசு அதிகாரி, மல்லேஸ்வரம்காரர், இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. குரலை உயர்த்தவே மாட்டார். அதுவே ஜூலியாவுக்கு எரிச்சல்.

"உக்காருங்க மேடம். நானே கூப்பிடணும்னு இருந்தேன். கங்கிராட்ஸ்."

"எதுக்கு சார்?"

"முப்பத்தோரு மென்டார் டைரி படிச்சேன். உங்களோடது ஒண்ணுதான் டைரி. வியாழக்கிழமை கமிட்டி முன்னாடி அதைத்தான் வைக்கப் போறோம்."

வியாழக்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வந்து மதிப்பெண் போடுகிற குழு. அவர்களுக்குக் காட்டத்தான் மென்டார் டைரி என்ற ஏற்பாடே. ஒவ்வொரு ஆசிரியருக்கும் இருபது பிள்ளைகள். மாதம் ஒரு முறை ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசி, வீட்டு நிலைமை என்ன, மனக்கஷ்டம் என்ன என்று எழுதி வைக்க வேண்டும். பக்கங்களுக்கு எண் போட்டு, முத்திரை குத்தித் தருவார்கள், ஒரு தாளைக் கூடக் கிழிக்க முடியாது. மற்ற ஆசிரியர்களெல்லாம் குழு வருவதற்கு முந்தைய சனிக்கிழமை உட்கார்ந்து, ஒரே மூச்சில் மூன்று வருடத்தையும் எழுதி முடிப்பார்கள். நடுநடுவே பேனாவின் நிறத்தை மாற்றிக்கொள்வார்கள், வேறு வேறு நாளில் எழுதியது போலத் தெரிய வேண்டுமே! 'மாணவர் நன்றாகப் படிக்கிறார். மேலும் உழைக்க அறிவுரை வழங்கப்பட்டது.' எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இதுதான். ஜூலியா மட்டும் பேசிய அன்றைக்கே, பேசியதைப் பேசியபடி எழுதினாள்.

நாராயணசாமி டைரியைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளுடைய குண்டு கையெழுத்து.

'தாய் வள்ளியம்மா, கார்மென்ட்ஸ் தொழிலாளி, சிறுநீரகம் செயலிழந்து இப்போது வேலைக்குப் போவதில்லை. தந்தை இல்லை. செவ்வாய், வெள்ளி டயாலிஸிஸ். ரூபினிதான் கூடப் போகிறாள், வேறு ஆள் கிடையாது. வருகைக் குறைவு இதனால்தான். தாயின் நோய்க்கு விதியில் இடமில்லாததால், தனக்கு மஞ்சள் காமாலை என்று சான்றிதழ் பெற்றுக் கொடுத்திருக்கிறாள். மிகவும் மனம் உடைந்திருக்கிறாள்.'

"இதைக் கமிட்டில யாராச்சும் படிச்சா என்ன ஆகும்? பொய் சர்ட்டிஃபிகேட்டுன்னு மென்டாரே எழுதி வெச்சிருக்காங்க, யூனிவர்சிட்டி அதுக்கு கண்டொனேஷன் குடுத்திருக்கு. நம்ம மானம் போயிடாதா? அதான் கேன்சல் பண்ணினேன். இப்ப பாருங்க, எவ்ளோ கிளீனா இருக்கு. மென்டார் கண்டுபிடிச்சாங்க, நிர்வாகம் நடவடிக்கை எடுத்துச்சு. இன்னும் நல்ல இம்ப்ரெஷன்தான்."

ஜூலியாவுக்குப் புரிந்தது. டைரியைக் காட்டவேண்டும், அதனால் பெண்ணைப் பலி கொடுக்கவேண்டும். இதை இந்த மனிதர் காபி குடித்துக்கொண்டே யோசித்திருக்கிறார்.

"நான் கண்டுபிடிக்கல சார். அவ என்கிட்ட அழுதுட்டே சொன்னா."

"அதான் மேடம் பர்சனல் கனெக்ஷன். உங்களை நம்பிச் சொல்றாங்க. எங்ககிட்ட வந்து சொல்லுவாங்களா? கமிட்டி கேக்கறதும் இதைத்தான்."

"அறைஞ்சிருவேன்" என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அங்கே ஒரு வரி இல்லை.

சான்றிதழ் யோசனை ரூபினியுடையது இல்லை. ஜன்னலில் நாகேஷ்தான், உன் பேரில் ஒன்று வாங்கிட்டு வா, எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க என்று சொல்லி அனுப்பினான். அந்தப் பெண் அதற்கே பயந்துபோய் ஜூலியாவிடம் வந்தாள். "பொய்யில்லையா மேம், மாட்டிக்க மாட்டேனா?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகாதுடி, குடு. நான் இருக்கேன்ல" என்று சொன்னது ஜூலியா. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். இதை மட்டும் எழுதவில்லை. மறந்துபோனது என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. பேனா அந்த இடத்தில் நின்றது, அவள் முற்றுப்புள்ளி வைத்தாள். பயம்.

"நான்தான் சார் குடுக்கச் சொன்னேன்."

நாராயணசாமி கண்ணாடியைக் கழற்றினார். "எங்க எழுதியிருக்கு?"

"எழுதல. ஆனா நான்தான் சொன்னேன்."

"எழுத்துல இல்லாதது நடக்கல மேடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். போய் கிளாஸை எடுங்க."

ஆசிரியர் அறைக்குத் திரும்பியதும் பக்கத்து மேஜை ராதாவிடம் கொட்டித் தீர்த்தாள். அபினவ் கதையையும் சொன்னாள். நாற்பத்தொன்றுக்கு மன்னிப்பு, அறுபத்து மூன்றுக்குத் தண்டனை. ராதா நல்லவள்தான், ஆனால் சங்கடமான நேரத்தில் சரியான வார்த்தையைச் சொல்லித் தொலைப்பாள்.

"தப்பா நினைக்காத ஜூலியா. டைரியில போய் யாராவது நிஜத்தை எழுதுவாங்களா? நாங்கல்லாம் என்ன சோம்பேறித்தனத்துலயா அப்படி எழுதறோம்? என் பிள்ளைங்க கதை எனக்கும் தெரியும். என் மனசோட இருக்கு. எழுதினா அது ஆபீஸுக்குப் போயிடும்னு தெரியாதா உனக்கு?"

"அப்ப நான்தான் முட்டாள், அப்படித்தானே?"

"நீ நல்ல பேரு வாங்கணும்னு எழுதின. அதுல தப்பில்ல. ஆனா அது அவ விஷயம்."

ஜூலியா அவளோடு அன்று பேசவில்லை. பஸ்ஸில் வீடு வரைக்கும் மனதுக்குள் ராதாவைத் திட்டிக்கொண்டே போனாள். நல்ல பேரா! யாருக்கு வேண்டும் நல்ல பேரு! ஆனால் மடிவாளா தாண்டும்போது, டைரியை ஒப்படைத்த அன்று தன் மனதில் இருந்த பெருமிதம் நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள், நான் ஒருத்திதான் ஒழுங்காக இருக்கிறேன் என்கிற பெருமிதம். முகத்தில் காறித் துப்பியது போல இருந்தது. எட்டு மணிக்கு ரூபினியின் அம்மா வள்ளியம்மாவுக்கு போன் செய்யலாம் என்று எடுத்தாள். மாதம் இரண்டு முறையாவது இருவரும் பேசுவதுண்டு. என்ன சொல்வது என்று தெரியவில்லை, வைத்துவிட்டாள். ரூபினிக்கு நான்கு முறை போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை முழுக்க யோசித்தாள். புதன்கிழமை காலை, ரெஜிஸ்ட்ரார் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், வி.சி.க்கு ஸ்பெஷல் பவர் இருக்குல்ல? குடும்பச் சூழ்நிலைய பார்த்து அட்டெண்டன்ஸ் மன்னிக்கலாம்னு? அபினவுக்குப் போட்டீங்களே, அந்த ரூல். அதுலயே ரூபினிக்கும் போட்டுக் குடுங்க. நிஜக் காரணத்தோட. அம்மாவுக்கு டயாலிஸிஸ்னே எழுதுங்க."

"அதெல்லாம் ரேர் கேஸுக்கு மேடம். யாராச்சும் பெரியவங்க பேசினா வி.சி. கன்சிடர் பண்ணுவாரு. அந்தப் பொண்ணுக்கு யாரைத் தெரியும்?"

"என்னைத் தெரியும்."

அவர் சிரித்தார். நல்லவிதமாகத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் ஜூலியாவுக்கு மிச்சமிருந்த பயமும் போனது.

"சிரிங்க சார். நாளைக்கு கமிட்டி என்னை உக்கார வெச்சுக் கேப்பாங்கல்ல? மீதி முப்பது டைரி எப்ப எழுதினது, எந்த ரூம்ல உக்காந்து எழுதினது, எத்தனை கலர் பேனா, எல்லாம் சொல்றேன். நாப்பத்தொண்ணு பர்சென்ட் கதையையும் சொல்றேன். எழுத்துல இல்லாதது நடக்கலன்னீங்களே, அதையும் சொல்றேன். வேலை போனா போகட்டும். என் வாயை உங்களால கேன்சல் பண்ண முடியாது."

அறைக்கு வெளியே பியூன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நாராயணசாமி எழுந்து கதவைச் சாத்தினார். வந்து உட்கார்ந்தார். பிறகு ஃபைலை எடுத்து, நான்கு வரி எழுதி, உள்கதவு வழியாகத் துணைவேந்தர் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது தாளில் மை காயவில்லை. பத்து நிமிடம் கூட ஆகவில்லை. ஒரு பெண்ணின் தலையெழுத்து என்று இரண்டு இரவு தான் தூங்காமல் புரண்டது, இவர்களுக்குப் பத்து நிமிட வேலை. அதை நினைத்தபோது வந்த ஆத்திரம் முந்தைய ஆத்திரத்தைவிடப் பெரிது.

"ஒரு கண்டிஷன்" என்றார். "கமிட்டி முன்னாடி நீங்க நல்லபடியா பேசணும். அந்தப் பொண்ணும் வரணும். அவ வாயால சொல்லணும், யூனிவர்சிட்டி எப்படிக் கூட நின்னுச்சுன்னு. டைரில அந்தப் பக்கம் இருக்கே, அதுக்கு ஒரு நல்ல முடிவு வேணுமில்ல?"

"வருவா சார்" என்றாள் ஜூலியா. தாள் கைக்கு வந்தால் போதும் என்று இருந்தது. ரூபினியைக் கேட்கவேண்டும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

நாகேஷ் மூலமாகச் சொல்லியனுப்பியதில் வியாழக்கிழமை ரூபினி வந்தாள். தலையை அழுந்த வாரி, இஸ்திரி போட்ட சுடிதாரில், குழு உட்கார்ந்திருந்த அறைக்குள் நிமிர்ந்து நடந்து போனாள். எதிரே வெளிமாநிலத்துப் பேராசிரியர்கள் மூன்று பேர், ஒருத்தர் பெண். ரூபினி ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசினாள். அம்மாவின் சிறுநீரகம், வாரத்துக்கு இரண்டு நாள் மெஷின், ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன அம்மாவின் கை. எல்லாவற்றையும் சொன்னாள். தன் மென்டார் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான் பல்கலைக்கழகம் தன் நிலைமையைப் புரிந்துகொண்டது என்றாள். பெண் பேராசிரியர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் ஜூலியாவின் டைரியைக் கையில் தூக்கிப் பிடித்து, பெரிய பல்கலைக்கழகங்கள் தொலைத்துவிட்டது இதைத்தான் என்றார். நாராயணசாமி அடக்கமாகத் தலையாட்டினார். ஜூலியாவின் முறை வந்தபோது, நாங்கள் ஒரு குடும்பம் என்றாள். சொன்ன வாயைக் கழுவவேண்டும் போல் இருந்தது.

வெளியே வந்ததும் ரூபினி நிற்காமல் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தாள். ஜூலியா பின்னாலேயே ஓடினாள். பஸ் ஸ்டாப்பில் மூச்சு வாங்கப் போய் நின்றாள். லாரிகள் ஓசூர்ப் பக்கம் இரைந்துகொண்டு போயின.

"ஹால் டிக்கெட் வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் மேம்."

"அப்புறம் ஏன்டி மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? போன் போட்டா எடுக்கல. நான் எவ்ளோ சண்டை போட்டேன் தெரியுமா? வேலையே போயிருக்கும்."

ரூபினி அவளை நேராகப் பார்த்தாள். இத்தனை நாளும் பார்த்த முகமாக அது இல்லை.

"தெரியும் மேம். நாகேஷ் அண்ணா சொன்னாரு. தேங்க்ஸ். பரீட்சை எழுதுவேன், பாஸ் பண்ணுவேன், வேலைக்கும் போவேன். ஆனா எங்க அம்மா கைய பத்தி நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். இன்னிக்கு மூணு பேரு கேட்டாங்க, சார் பின்னாடி நின்னு கேட்டாரு, காபி கொண்டாந்த அண்ணாவும் கேட்டாரு. என்னைக் கேக்காமலே நான் வருவேன்னு நீங்க ஒத்துக்கிட்டீங்க."

"வேற வழி இல்லம்மா."

"கேன்சல் ஆர்டரோட டைரி ஜெராக்ஸும் குடுத்தாங்க மேம். ரெண்டு தடவ படிச்சேன். நீங்கதானே குடுன்னு சொன்னீங்க? அது மட்டும் அதுல இல்ல."

ஜூலியாவின் வாய் நிறையப் பதில் இருந்தது. கத்திப் பேசியே பழகிய வாய். ரெஜிஸ்ட்ராரைத் திட்டலாம், விதியைத் திட்டலாம், அபினவுக்கு வந்த போனைத் திட்டலாம். எல்லாம் நியாயமான கோபம்தான். எதையும் எடுக்க முடியவில்லை.

"பயந்துட்டேன்டி" என்றாள்.

"நானும்தான் பயந்தேன். பயந்துதான் உங்ககிட்ட வந்தேன்."

அத்திபெலே பஸ் தூரத்தில் தெரிந்தது. ரூபினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ஜூலியா.

"எதுவும் தெரியாது. டயாலிஸிஸ் பெட்ல படுத்துட்டு பக்கத்து பெட் ஆளுங்ககிட்ட எல்லாம் அது உங்களப் பத்திதான் பேசும். என் பொண்ணுக்கு காலேஜ்ல ஒரு மேடம் இருக்காங்க, எனக்கே ஏதாச்சும் ஆயிட்டாலும் அவங்க பாத்துப்பாங்கன்னு. நாலு மணி நேரமும் அதேதான். அதுக்கு நிம்மதின்னு இருக்கறது அது ஒண்ணுதான் மேம். அதனால சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

பஸ் வந்து நின்றது. ரூபினி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆனா இனிமே நீங்க வீட்டுக்கு போன் பண்ணாதீங்க. பண்ணினா அது சந்தோஷமா பேசும். பக்கத்துல நின்னு அதைக் கேட்டுட்டு இருக்க என்னால முடியாது."